வெண்ணிக்கு வைத்த முட்டை

பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

கல்வராயன் மலையில் கார்த்திகை பிறந்துவிட்டால் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் முடிந்ததும் எல்லாம் வெள்ளையாகிவிடும். எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு நேராக இருட்டிவிடும். அந்த வெள்ளை நேரத்தில்தான் நான் பிள்ளைகளுக்கு நாவல் படிப்பேன்.

அது பெண் பிள்ளைகள் விடுதி. நான் வார்டன். பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில். ஒரு வரி படிப்பேன். எல்லோரும் சேர்ந்து "ம்" என்பார்கள். கதை கேட்கிறவர்கள் ம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொல்கிறவர் எழுந்து போய்விடலாம். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். புத்தகம் படிக்கும்போது ம் கொட்ட வேண்டியதில்லை என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

"வெண்ணி தண்ணீருக்குள் கால் வைத்தாள்" என்று படித்தேன்.

"ம்."

"சத்தமே வரவில்லை."

"ம்."

"கரையில் அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை."

"ம்" என்றது கூடம்.

அது அடங்கி, நான் அடுத்த வரிக்கு வாயைத் திறப்பதற்குள், இன்னொரு "ம்" வந்தது.

தனியாக, நிதானமாக வந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். ஜன்னலில் கம்பி இருந்தது. கம்பிக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. விடுதி நாய் மணி வாசல்படியில் படுத்திருந்தது. தெருவில் மாடு போனாலே ஊரைக் கூட்டுகிற நாய் அது. அன்றைக்குக் குரைக்கவில்லை. பனியைப் பார்த்து வாலை ஆட்டியது.

"எவடி அது?" என்று கத்தினேன்.

மூட்டையில் வந்தவை

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிக் கக்கூஸைப் பற்றி எழுதியதைச் சிலர் ரசிக்கவில்லை என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னார். நான் ரசிப்பதற்காக எழுதவில்லை. இந்த வாரம் புத்தகம். ரசிக்க முடிந்தவர்கள் ரசிக்கட்டும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஓரிரண்டு மழைக்காலம் போயிருக்கும். சென்னையில் ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு மூட்டை வந்தது. பழைய சட்டை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பிரித்தேன். எல்லாம் புத்தகம். பாதி போட்டித் தேர்வு கைடு, அதுவும் பேனாவால் கிறுக்கியது. மீதி இளையோர் நாவல்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும் படிக்கிறதாம், அட்டையிலேயே போட்டிருந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து. சின்னசேலம் பக்கம் கரும்பு போடுகிற வீட்டில் பிறந்தவள். கதைப் புத்தகம் படிக்கிற பெண் உருப்பட மாட்டாள் என்று வளர்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்னால் உள்ளே அசிங்கமாக ஏதும் இருக்கிறதா என்று பார்ப்போம் என்றுதான் ஒன்றை எடுத்தேன்.

எடுத்தது மதியம். நிமிர்ந்தபோது சமையல்கார ராணி விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன்னால் நான் படித்த பெரியவர்கள் நாவல்களில் ஆள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அறுபது பக்கம் நிற்பான். இந்தப் புத்தகங்களில் மூன்றாம் பக்கத்திலேயே ஒருத்தி கிணற்றில் இறங்கிவிடுகிறாள். கோபம் வந்தால் கோபப்படுகிறார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் யாரையும் தடவிக் கொடுப்பதில்லை. எனக்கு அது பிடித்தது. ரொம்பப் பிடித்தது.

அந்த மூட்டையில் ஆக நல்லது வெண்ணியின் கதை. புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதியவருக்கு இரண்டு முறை கடிதம் போட்டேன், பதில் இல்லை. அவருக்கு நான் எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்?

கதையை மட்டும் சொல்கிறேன். அணை கட்டுகிறார்கள். ஒரு ஊர் முழுகப் போகிறது. எல்லோரையும் கணக்கெடுத்து லாரியில் ஏற்றுகிறார்கள். வெண்ணி என்ற பெண் கணக்கில் விட்டுப்போகிறாள். அன்றிலிருந்து அவள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. சாகவும் இல்லை. அவளைத் தேடி யாராவது வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் தெரிவாள். யாரும் வருகிறபாடு இல்லை.

ஒரு இடத்தில் அவளுடைய சிநேகிதன் தேடி வந்து, பாதி வழியில் பயந்து திரும்பிப் போகிறான். நான் புத்தகத்தைக் கட்டில்மேல் வீசினேன்.

"தூ! நீயெல்லாம் ஒரு ஆளா?" என்று கத்தினேன்.

ராணி கரண்டியோடு ஓடிவந்தாள். "நான் இன்னா மேடம் பண்ணேன்?"

"உன்ன இல்ல. போயி சாம்பாரப் பாரு."

"சாம்பாரு அப்பவே எறக்கியாச்சு. நீங்கதான் உப்பு பாக்க வரேன்னு சொல்லிட்டு வரவே இல்ல."

இன்னொரு நாள் கள்ளக்குறிச்சிக்கு மீட்டிங் போகிற பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு ஆள் எட்டிப் பார்த்தான். "டீச்சர், பேரப்புள்ளைக்கா?" என்றான்.

"எனக்குத்தான். உனக்கு இன்னா?" என்றேன். கச்சிராயபாளையத்தில் இறங்கிவிட்டான். அவன் இறங்க வேண்டிய ஊர் அதுவா என்பது எனக்குச் சந்தேகம்.

வரிசையில் ஒரு இடம்

நான் ஒரு வெறியில் படித்தேன் என்றால், பிள்ளைகள் அதைவிட மோசம். புத்தகம் ஒன்று, பிள்ளைகள் கூடம் நிறைய. கிழித்துவிடுவார்கள் என்று நானே படித்துக் காட்ட ஆரம்பித்தேன்.

பத்தாவது படிக்கிற பரிமளாவுக்கு வாய் நீளம். முதல் நாளே எழுந்து நின்றுவிட்டாள்.

"மேடம், அந்த டேமு நம்ம கோமுகி டேமா?"

"இல்லடி. கதை."

"கோமுகி மாதிரியே இருக்குது மேடம். நான் முன்னாடியே பாத்துக்கிறேன்."

"இன்னாத்த பாத்த? வெண்ணியவா?"

"வெண்ணிதான் கண்ணுக்குத் தெரியமாட்டாளே. அப்ப தெரியலன்னா அங்க இருக்கான்னுதானே மேடம் அர்த்தம்?"

உட்கார் என்றேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வரிசையில் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

"இன்னாடி ஓட்டை இது?"

"வெண்ணி நிக்கிறா மேடம்."

"அவளுக்கு அரசாங்கம் அரிசி குடுக்கல. நகருங்க."

நகர்ந்தார்கள். நான் திரும்பியதும் மறுபடி இடம் விட்டார்கள். அடுத்த நாள், அதற்கடுத்த நாள், அந்த இடைவெளி வரிசையோடு சேர்ந்து நகர்ந்து வந்தது. அண்டாவுக்கு எதிரே வரும்போது ராணியின் கை ஒரு நொடி நிற்கும். பிறகு அடுத்த தட்டில் போடுவாள். அவளும் அந்த இடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, வெளியிலிருந்து அந்த "ம்" வருகிற வரைக்கும்.

கழுவி வைத்த தட்டு

அந்தச் சத்தம் வந்த மறுநாள் முட்டை போடுகிற நாள். சாயங்காலம் நான் கூடத்துக்குள் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே, விளிம்புக் கல்லில், ஒரு தட்டு இருந்தது. தட்டில் சோறும் ஒரு முழு முட்டையும்.

"யாரு வெச்சது?"

"எல்லாரும் மேடம்" என்றாள் பரிமளா. "ஆளுக்கு ஒரு வாய் சோறு. முட்டை மட்டும் சீட்டுப் போட்டு என்னுது."

"யாருக்கு?"

"வெண்ணிக்கு. அவ கதைய அவளே கேக்க வந்துக்கிறா. பாவம், எவ்ளோ நாள் பசியோ."

வாட்ச்மேன் ஏழுமலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் சருகு விழுந்தாலும் வியர்க்கும். "மேடம், சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. தண்ணில போன பொண்ணு கதைய வெளக்கு வெக்கிற நேரத்துல படிக்கலாமா? கூப்ட மாதிரி ஆவுதுல்ல?"

"அது புக்குய்யா. அச்சடிச்சது."

"புக்குதான். ஆனா வந்துக்கினு இருக்கறது புக்கு இல்லியே."

காலையில் தட்டு காலி. முட்டை ஓடுகூட இல்லை. எவளோ ராணிக்குத் தெரியாமல் தின்றுவிட்டாள் என்று எல்லோரையும் திட்டினேன். சாமி சத்தியம் செய்தார்கள். சரி என்று, அடுத்த முறை நானே சோறும் முட்டையும் வைத்தேன். எல்லோரையும் உள்ளே விட்டுக் கூடத்துக் கதவை நானே பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

விடிந்ததும் நான்தான் முதலில் வெளியே போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மணி எனக்கு முன்னால் ஓடி, ஜன்னலுக்குக் கீழே மோந்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

தட்டு கழுவியிருந்தது. விளிம்புக் கல்லில் சாய்த்து வைத்திருந்தது. தட்டின் வாய் சுவரைப் பார்த்து இருந்தது.

எனக்குக் கையில் மயிர் நின்றது.

ஏன் என்று சொல்ல வேண்டும். தட்டைக் கழுவினால் எல்லோரும் கவிழ்த்து வைப்பார்கள். என் விடுதியில் அப்படி இல்லை. முன்னால் வேலை பார்த்த இடத்தில் கவிழ்த்த தட்டுக்குள் பல்லி இருந்து, அதைப் பார்க்காமல் ஒரு பிள்ளை சோறு வாங்கிவிட்டது. அன்றிலிருந்து என் சட்டம் வேறு. தட்டைக் கழுவு, சாய்த்து வை, வாய் சுவரைப் பார்க்கட்டும், எடுக்கும்போது உதறு. இந்த மலையில் வேறு எந்த வீட்டிலும் அப்படி வைக்க மாட்டார்கள். நான் பிறந்த வீட்டிலேயே வைக்க மாட்டார்கள்.

என் சட்டத்தை எது கடைப்பிடிக்கிறது?

ஏழுமலை அந்தத் தட்டைத் தொடவே மாட்டேன் என்றார். ஜன்னலைச் சாத்தி, வேப்பிலைக் கொத்தும் பிய்ந்த செருப்பும் கட்டித் தொங்கவிட்டார். நானும் விட்டுவிட்டேன். அன்றும் மறுநாளும் ஜன்னல் சாத்தியபடிதான் படித்தேன். பிள்ளைகள் முனகினார்கள். "சத்தமா படிங்க மேடம், அவளுக்குக் கேக்காது" என்றாள் பரிமளா. அன்றைக்குச் சாத்திய ஜன்னலுக்கு வெளியே ஏதோ பலகையில் உரசுகிற சத்தம் கேட்டது. காதை வைத்துக் கேட்பது போல.

அதற்கடுத்த நாள் காலையில் பிள்ளைகள் தட்டு கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருத்தியும் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். வாய் சுவரைப் பார்த்து. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பேய் இல்லை. இங்கே சோறு தின்று பழகினவள்.

இங்கே இப்போது இல்லாதவள் யார்?

ஒரே ஒருத்திதான். அலமேலு. ஒன்பதாவது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அப்பா அம்மாவோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாள் என்று அவள் ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். அவள் போன மறுநாளே பிள்ளைகள் பாயை நகர்த்திப் போட்டு அவள் படுத்த இடத்தை மூடிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. புத்தகத்திலிருந்து ஒருத்தி எழுந்து வருவாள் என்று கூடமே நம்பியது. வரிசையில் இடம் விட்டது, முட்டையை விட்டுக்கொடுத்தது. பக்கத்துப் பாயில் படுத்தவள் வருவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மரவள்ளிக் காடு

அன்றைக்கே கிளம்பினேன். ஏழுமலையைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. "போடா" என்றதும் மணி முன்னால் ஓடியது.

விடுதிக்குப் பின்னால் ஓடை. ஓடையைத் தாண்டி மேடு. மேடு முழுக்க மரவள்ளி, தலைக்கு மேல் வளர்ந்தது. பனி அதற்குள் இறங்கி நின்றது. நாய் முன்னால் போவது தெரியவில்லை, செடி அசைவதுதான் தெரிந்தது. வலது பக்கமும் அப்படி ஒரு அசைவு எங்களோடு வந்தது. ஏழுமலை அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நடையை எட்டிப் போட்டோம்.

காட்டின் நடுவில் காவல் குடிசை. பன்றி விரட்டத் தகர டின் ஒன்று கட்டித் தொங்கியது. வாசலில் அலமேலு குந்தியிருந்தாள். இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்து ஓடவில்லை. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள், வகுப்பில் நிற்பது போல.

முதலில் கேட்டது இதுதான்: "மேடம், வெண்ணிய தேடி யாருனா வந்தாங்களா? ரெண்டு நாளா ஜன்னல் சாத்திட்டீங்க. ஒன்னும் கேக்கல."

"அத அப்புறம் பேசலாம். நீ கேரளா போவல?"

"அம்மா அப்பா போய்ட்டாங்க. என்ன மாமாகிட்ட வுட்டுட்டாங்க."

"மாமா எங்க?"

"கெழங்கு லோடோட கீழ போயிருக்காரு. சாயங்காலம் வருவாரு. தையில எனக்கும் மாமாவுக்கும் கல்யாணம். அதுவரிக்கும் காட்டுக்குக் காவல் இருன்னாரு."

"விடுதிக்கு வந்தவ உள்ள வர்றதுக்கு இன்னா? கதவு தெரியலியா?"

"என் பேர எடுத்துட்டாங்கன்னு மாமா சொன்னாரு. பேரு இல்லாம எப்பிடி மேடம் உள்ள வர்றது?"

"உன் பேர நான் எடுக்கல. அப்பிடியேதான் இருக்குது" என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். ஏழுமலை என்னைத் தொட்டு அடக்கினார்.

அவருக்கு அவருடைய சந்தேகம். "ஏம்மா, அன்னிக்கு ம் கொட்டி எல்லாரையும் பயமுறுத்துனியே. எனக்கு ரெண்டு நாள் ஜொரம் தெரியுமா?"

அலமேலு அவரைப் பார்த்தாள்.

"நான் கொட்டல தாத்தா. நான் வாயே தொறக்கல. தொறந்தா மாட்டிக்குவேன்ல?"

"அப்ப யாரு கொட்டுனது?"

"எனக்குப் பக்கத்துல நின்னுக்கினு இருந்தாங்களே, அவங்க. விடுதில புதுசா யாரோ வந்துக்கிறாங்க, அவங்களுக்கும் உள்ள எடம் இல்ல போலன்னு நெனச்சேன்."

மரவள்ளி இலை ஒன்றும் அசையவில்லை. மணி குடிசைக்குள் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. குடிசைக்குள் ஒரு பாய், ஒரு குண்டான், வேறொன்றும் இல்லை.

"முகம் பாத்தியா?" என்றேன்.

"பனில எப்பிடி மேடம் தெரியும்? தோள்தான் தெரிஞ்சுது. என் ஒசரம்."

"பயமா இல்ல?"

"இல்ல மேடம். தொணைக்கு ஒரு ஆளு இருக்குதேன்னு இருந்துச்சு. இங்கயும் வருவாங்க. பேசமாட்டாங்க."

ஏழுமலை துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் அலமேலுவின் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. போதும் என்று நினைத்தேன். மற்றதை யோசிக்க அது நேரமில்லை.

திரும்பி வரும்போது ஒற்றையடிப் பாதை. ஏழுமலை முன்னால், நான் நடுவில், அவள் பின்னால். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவள் பாதையில் நடக்கவில்லை. ஓரத்துப் புல்லில் நடந்து வந்தாள், பாதையை யாருக்கோ விட்டுக்கொடுத்தது போல.

பொய்

அன்று சாயங்காலமே மாமன் வந்து கேட்டை உலுக்கினான். சடையன் என்று பெயர். முப்பதுக்குள்தான் இருக்கும்.

"எங்க அக்கா பொண்ணு. எங்க வூட்டு விஷயம். நீங்க யாரு நடுவுல?"

"வார்டன். அவளுக்குப் பதினாலு. கல்யாணம் பண்ணா ஜெயிலு. தெரியுமா தெரியாதா?"

"மலையில எல்லாம் இப்படித்தாங்க."

"மலைமேல பழி போடாத. கீழ எங்க வூட்ல என் அக்காவுக்குப் பதினஞ்சுல கட்டுனாங்க. அங்க இன்னா மலையா இருந்துச்சு?"

அவன் கேட்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "கதை புக்கு படிச்சுப் படிச்சுப் புள்ளைங்கள கெடுக்கறீங்க. ஞாயித்துக்கெழம பெரியவங்களோட வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய் அதிகாரிகளுக்குப் போன் செய்தேன். ராத்திரி பெய்த மழையில் மலைப் பாதை சரிந்து கிடந்தது, சரியானதும் வருகிறோம் என்றார்கள். பிறகு அதே பாறைக்கு அலமேலுவையும் கூட்டிக்கொண்டு போய், அவள் அம்மாவுக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

"நாங்க இன்னா மேடம் பண்றது?" என்றது அந்தக் குரல். "பொம்பளப் புள்ளய எங்க வுட்டுட்டு வர்றது? தம்பி பாத்துக்கறேன்னான். அவன் சொல்றத கேட்டுக்கினு இருக்கச் சொல்லுங்க."

அலமேலு பாறையில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வெண்ணியின் கதையை முடித்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். வேப்பிலையையும் செருப்பையும் நானே அவிழ்த்து எறிந்தேன். அலமேலு பரிமளாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாயை மறுபடி நகர்த்தி இடம் விட்டிருந்தார்கள்.

கடைசி அத்தியாயத்தில் வெண்ணியின் அம்மா எங்கோ தூரத்து ஊரிலிருந்து நடந்தே வந்து, அணைமேல் நின்று மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வெண்ணி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறாள். கூடம் அழுதது. கைதட்டியது. ராணி மூக்கைச் சிந்தினாள். முதல் முறை படித்தபோது நானும் அழுதவள்தான்.

"பொய்" என்றாள் அலமேலு.

கைதட்டல் நின்றது.

"எப்பிடிடி பொய்?" என்று பரிமளா எகிறினாள். "அதான் புக்குல போட்டுக்கீதே!"

"போட்டா? வுட்டுட்டுப் போன அம்மா திரும்பி வந்து கூப்புடுவாங்களா? அவங்களுக்கு ஆயிரம் வேல. எழுதுனவங்களுக்கு ஒன்னும் தெரில."

"அப்ப அவ தண்ணிக்குள்ளயே கெடக்கணுமா? நல்லா இருக்குதுடி உன் நாயம்."

"கெடக்க வேணாம்."

"சரி, நீ சொல்லு" என்றேன். "இன்னா ஆவணும்?"

அவள் எழுந்து நிற்கவில்லை. போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"அவளே மேல ஏறி வரணும் மேடம்."

"ம்" என்றது கூடம்.

"புது ஊருல ரேஷன் கடை இருக்கும்ல? அங்க வரிசைல நிக்கணும்."

"ம்."

"யாரும் கூப்புட வேணாம். அவ மொற வரும்போது அவளே சொல்லணும். என் பேரு வெண்ணி. எழுதிக்குங்க."

"ம்."

நான் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை தனியாக எதுவும் வரவில்லை. கூடத்தோடு சேர்ந்து வந்ததோ என்னவோ. கூடத்தின் "ம்" அன்று கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்டது.

புத்தகத்தை மூடினேன். அவள் சொன்னதுதான் சரியான முடிவு. எழுதியவருக்கு நான் போட்ட கடிதங்களில் இரண்டாவது அதைச் சொல்லத்தான்.

கேட்டருகில்

பயந்துகொண்டு படிக்க வேண்டாம், பிற்பாடு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதை சரியானதும் அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணம் நின்றது. அலமேலு பிளஸ் டூ முடித்து இப்போது கீழே கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இதில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஜீப் வந்து நின்றது. சடையனும் நான்கைந்து பெரியவர்களும் இறங்கினார்கள். கேட்டுக்கு உள்ளே நான், கையில் ஒரு கட்டையோடு ஏழுமலை. அலமேலுவை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை ராணியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

பேச வாயெடுத்தேன். பின்னால் கதவு திறந்தது. ராணி திறந்துவிட்டிருக்கிறாள். அலமேலு நேராக நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"நான் வரல மாமா" என்றாள். "என் பேரு அலமேலு. ஒம்பதாவது படிக்கிறேன். என் பேரு இங்க இருக்குது. எடுக்கல."

பெரியவர்களில் வயதானவர் கேட்டார்: "உங்க அம்மாவுக்கு இன்னாம்மா பதில் சொல்றது?"

"நானே சொல்லிக்கிறேன்."

சடையன் என்னைப் பார்த்தான். "எல்லாம் உங்க புக்கு பண்ற வேல."

"புக்குல இப்பிடி இல்ல தம்பி" என்றேன். "இது அவளா சொல்றது."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "புள்ளயே வேணாங்குது. வாங்கப்பா" என்றார். அவ்வளவுதான். நான் தயார் செய்து வைத்திருந்த வசவெல்லாம் வீணாகிவிட்டது.

சடையன் ஜீப்பிலிருந்து அவள் துணிமூட்டையை எடுத்துவந்து கம்பி வழியாக நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அப்போது, என்னவோ வீட்டு வேலை சொல்வது போலச் சொன்னாள்:

"மாமா, பன்னி மேக்காலதான் வரும். டின்ன வேகமாத் தட்டாத, மெரண்டு உள்ள பூந்துடும். தனியா கெடக்கறமேன்னு நெனைக்காத. தொணைக்கு ஆளு இருக்குது."

"யாரு?"

"தெரில. பேசமாட்டாங்க. எதுனா சொன்னீன்னா ம் கொட்டுவாங்க."

அவள் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

வரும்போது சடையன் முன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தவன். போகும்போது முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால் போய், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.